பந்தல் மேல் தண்ணீர் தங்கலாமா?



ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு சூடு பிடித்துவிடும். நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. சேலை எடுக்க ஜார்ஜ்டவுன் லெபோ பசாருக்கு இரண்டு முறை போய் வந்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. பந்தலைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. "பந்தல்தானே? பையன்கள் கட்டிவிடுவார்கள்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இந்த மாதம் அந்தப் பந்தலைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அதிலும் ஒரே ஒரு விஷயம்: பந்தலின் மேல் மழைத் தண்ணீர் தங்குவதை எப்படித் தடுப்பது? இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பந்தலுக்குக் கீழே இருப்பது யார்? அடுப்படியில் நிற்கும் பெண்கள், பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், மணவறையைச் சுற்றி ஓடி விளையாடும் பிள்ளைகள். அவர்கள் தலைக்கு மேல்தான் அந்தத் தண்ணீர் தொங்குகிறது.

பஞ்சாங்கம் ஊரைப் பார்ப்பதில்லை

நம் கல்யாண மாதங்களை வகுத்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்தவர்கள். அங்கே அடைமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆவணியில் பந்தலைப் பற்றி அங்கே அதிகக் கவலை இல்லை. பினாங்கில் கதை வேறு. இங்கே ஆகஸ்டிலேயே மழை கூடத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உச்சத்துக்குப் போகும். ஏப்ரல், மே மாதங்களிலும் சாயங்காலமானால் இடியோடு கொட்டும். அதாவது சித்திரைக் கல்யாணமும் மழையில், ஆவணிக் கல்யாணமும் மழையில், தீபாவளியும் மழையில்!

வறண்ட காலம் என்றால் அது ஜனவரி, பிப்ரவரிதான். தைப்பூசம் அந்த நாட்களில் வருகிறது. தண்ணீர்மலைக்குப் போகிற சாலை நெடுகப் போடும் தண்ணீர்ப் பந்தல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே துணி தட்டையாக இருந்தாலும் அங்கே குறை தெரியாது. வெயிலைத் தடுத்தால் போதும். அதே பழக்கத்தில், அதே தார்ப்பாயை, அதே போலத் தட்டையாக ஆவணியில் கட்டும்போதுதான் ஆபத்து வருகிறது. தைப்பூசப் பந்தல் வெயிலுக்கு. கல்யாணப் பந்தல் மழைக்கு. இந்த வேற்றுமையை முதலில் மனத்தில் வையுங்கள்.

தண்ணீருக்கு எவ்வளவு எடை?

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பயம் வரும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ எடை. நாம் சாதாரணமாகப் போடும் 20 அடிக்கு 20 அடிப் பந்தலின் பரப்பு ஏறக்குறைய 37 சதுர மீட்டர். நல்ல மழையாக 25 மில்லிமீட்டர் கொட்டினால் அந்தப் பந்தலின் மேல் விழுவது 900 லிட்டருக்கும் மேல். எண்ணெய்ப் பீப்பாய் நாலரை நிறையும்! பினாங்கில் ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவு மழை பெய்வது அதிசயமில்லை.

விழுகிற தண்ணீர் ஓடிவிட்டால் கவலை இல்லை. அது நின்றால்தான் வம்பு. மூன்றடி அகலமும் நடுவில் ஒரு சாண் ஆழமும் உள்ள ஒரு குழி தார்ப்பாயில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து பார்த்தால் சின்னத் தொப்பை போலத்தான் தெரியும். ஆனால் அதில் 70, 80 லிட்டர் தண்ணீர் இருக்கும். பத்துக் கிலோ அரிசிப் பைகள் ஏழெட்டை ஒரே இடத்தில் தூக்கி வைத்ததற்குச் சமம்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. தண்ணீர் தங்கினால் துணி தொய்கிறது. துணி தொய்ந்தால் குழி பெரிதாகிறது. குழி பெரிதானால் சுற்றியுள்ள தண்ணீரும் அங்கேயே வந்து சேர்கிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும். அதனால்தான் அரை மணி நேரம் அசையாமல் நின்ற பந்தல், கடைசி ஐந்து நிமிடத்தில் சட்டென்று சாய்ந்துவிடுகிறது. "இவ்வளவு நேரம் நின்றதே" என்று நம்பி அடியில் உட்கார்ந்திருப்பது தப்புக் கணக்கு.

பிள்ளைகளோடு ஒரு சோதனை

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் கூப்பிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையைக் கத்தரித்து விரித்து, நான்கு மூலைகளையும் நான்கு கைகளால் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் கரண்டியால் தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நடுவில் குழி விழும். இன்னும் ஊற்ற ஊற்ற, பிடித்திருக்கும் கைகள் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். பந்தல் கால்கள் உள்பக்கம் சாய்வது இப்படித்தான்.

இப்போது ஒரு விரலை அடியில் கொடுத்து நடுவை உயர்த்துங்கள். தண்ணீர் நாலா பக்கமும் வழிந்து ஓடிவிடும். துணியின் பலத்தாலா ஓடியது? இல்லை, சரிவால் ஓடியது. பந்தல் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு விரலில் அடங்கியிருக்கிறது.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பழைய அத்தாப்புக் கூரை ஏன் அவ்வளவு செங்குத்தாக இருந்தது? ஓலைக்குத் தண்ணீரைத் தாங்கும் சக்தி இல்லை. ஓட விடத்தான் தெரியும். கித்தா மரத்தின் வெட்டுக்கு மேலே பாவாடை போலக் கட்டும் மழைக்காப்பும் அப்படியே. அது மழையை நிறுத்தவில்லை. பட்டையில் வழிந்து வரும் தண்ணீரை வெட்டில் இறங்க விடாமல் வேறு பக்கம் திருப்பிவிட்டது, அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது

சில வருடங்களுக்கு முன் செபராங் பிறையில், எங்கள் பள்ளிக்கு அருகேயுள்ள தோட்டத்தில் ஒரு கல்யாணம். முந்தின நாள் இரவு பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்படிக்கு மேலே தனித் தார்ப்பாய், நான்கு மூலைகளிலும் கட்டித் தட்டையாக விரித்திருந்தது. பெருமழை பிடித்து அடங்கும் நேரம், நடுவில் பெரிய தொப்பை தொங்கியது. உதவி செய்ய வந்த ஓர் இளைஞர் விளக்குமாற்றுக் கட்டையால் அந்தத் தொப்பையை ஒரே உந்தாக உந்தினார். தண்ணீர் முழுவதும் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. அந்தப் பக்கத்துக் கால் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. கால் சாய, தண்ணீர் நேராக எண்ணெய்ச் சட்டியில் கொட்டியது.

கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று சமையல் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெண்களுக்குக் கையும் முழங்காலும் வெந்துபோயின. அருகில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை யாரோ சற்று முன்புதான் உள்ளே தூக்கிப் போயிருந்தார்கள். கல்யாணம் நடந்தது, ஆனால் மணப்பெண்ணின் அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த இளைஞர் மேல் குற்றமில்லை. தண்ணீர் தேங்கும்படி பந்தலைக் கட்டியதும், தேங்கிய பிறகு அடியில் அடுப்பை எரிய விட்டதுமே காரணம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. முகடு வையுங்கள். நடுக்கால்கள் ஓரக்கால்களைவிட உயரமாக இருக்க வேண்டும். நாலடிக்கு ஓரடி சரிவு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 அடி அகலப் பந்தலுக்கு இரு பக்கமும் பத்துப் பத்தடி; ஆகவே முகடு இரண்டரை அடி உயர்ந்து நிற்க வேண்டும். ஓரக்கால் எட்டடி என்றால் நடுக்கால் பத்தரை அடி. வீட்டுச் சுவரோடு சேர்த்து ஒரு பக்கச் சாய்ப்பாகக் கட்டினால், 12 அடி அகலத்துக்கு மூன்றடி இறக்கம் வேண்டும்.

2. முகட்டில் வெறும் கயிறு போதாது. ஈரமும் பாரமும் சேர்ந்தால் கயிறு தொய்ந்துவிடும். மூங்கிலோ இரும்புக் குழாயோ போடுங்கள். அதன் முனைகளில் பழந்துணியோ தேங்காய் மட்டையோ வைத்துக் கட்டினால் தார்ப்பாய் கிழியாது.

3. முகட்டிலிருந்து ஓரம்வரை, தார்ப்பாய்க்கு அடியில் மூன்றடிக்கு ஒரு கயிறு விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். துணி தொய்ந்தாலும் அந்தக் கயிறுகள் தாங்கிக்கொள்ளும்.

4. ஓரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் தண்ணீர் தங்குவது நடுவில் அல்ல, ஓரக் கம்புக்குச் சற்று உள்ளே. ஆகவே தார்ப்பாயை ஓரக் கம்பின் மேல் நிறுத்திவிடாமல், அதைத் தாண்டிக் கீழே இழுத்து, எல்லா வளையங்களிலும் கயிறு போட்டு முளையில் கட்டுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று கட்டினால் கட்டாத இடத்தில் தொப்பை விழும்.

5. இரண்டு தார்ப்பாய்கள் சேரும் இடத்தில், மேலே உள்ளது கீழே உள்ளதன் மீது ஓரடியாவது படிய வேண்டும்; அத்தாப்பு வேய்வது போல. இரண்டு வாடகைக் கூடாரங்களை ஒட்டிப் போட்டால் நடுவில் பள்ளம் உண்டாகும். அந்தப் பள்ளத்துக்குக் கீழே தகரப் பீலி வையுங்கள். பந்தி இலைகளை அங்கே போடாதீர்கள்.

6. தண்ணீர் எங்கே போய் விழும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். கால்வாய்ப் பக்கத்து மூலையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் தண்ணீர் அந்த வழியே போய்விடும். அண்டை வீட்டார் வாசலுக்கோ அடுப்படிக்கோ திருப்பிவிடக் கூடாது.

7. அடுப்படிக்குத் தார்ப்பாய் வேண்டாம். சரிவான தகரக் கொட்டகை போடுங்கள். கேஸ் தோம்பும் எண்ணெய்ச் சட்டியும் அதன் கீழே இருக்கட்டும்.

வாடகைக் கூடாரம் எடுப்பவர்களும் சும்மா இருந்துவிட வேண்டாம். இரும்புச் சட்டத்துக்கு மேல் கூரை விறைப்பாக இருக்கிறதா என்று, கூடாரக்காரர் லாரியில் ஏறிப் போகும் முன் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் வீசி, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வெள்ளி கொடுப்பவர் நாம், கேட்பதில் தவறில்லை.

பட்டணத்துக் கடைக்காரர்களுக்கு

ஜார்ஜ்டவுனில் அஞ்சடிக்கு முன்னால் துணிச் சாய்ப்பு இழுத்துவிட்டிருக்கும் கடைகளுக்கும் இதே பாடம்தான். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பட்டணம் அது. அந்தப் பழைய கடைவீடுகளின் அஞ்சடி, வெயிலுக்கும் மழைக்கும் நிரந்தர நிழல். அதற்கு வெளியே நீட்டும் துணிச் சாய்ப்பு, முக்கியமாக வெயிலுக்காக உள்ளது. மழை வந்தவுடன் அதை இன்னும் வெளியே இழுப்பது பலருக்கும் வழக்கம். போதிய சரிவு இல்லை என்றால் அப்படிச் செய்யாதீர்கள். மழை வலுக்கும் முன்பே சுருட்டிவிடுங்கள். சுருட்ட முடியாவிட்டால் ஒரு பக்கத்துக் கயிற்றையோ கையையோ ஒரு முழம் தாழ்த்துங்கள். தண்ணீர் அந்த மூலையால் இறங்கிவிடும். ஏற்கெனவே தேங்கியிருந்தால், தண்ணீரை இறக்கிய பிறகே சுருட்ட வேண்டும். தண்ணீரோடு சுருட்டினால் கை வளையும், துணி கிழியும்.

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியை நிறுத்தியதும் பக்கவாட்டில் ஓர் அறையை இழுப்பறை போல வெளியே தள்ளிக்கொள்வார்கள். அந்த அறையின் மேலே ஒரு துணி விரிந்து, குப்பையும் மழையும் படாமல் காக்கும். அந்தத் துணியிலும் தண்ணீர் தேங்குகிறது! அதைக் கவனிக்காமல் அறையை உள்ளே இழுத்தால் துணி கிழியும். இல்லாவிட்டால் தண்ணீர் வண்டிக்குள் கொட்டும். அவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? துணிக்கும் கூரைக்கும் நடுவில் காற்றடைத்த பந்தையோ பஞ்சுத் திண்டையோ செருகி, நடுவை உயர்த்தி வைக்கிறார்கள். எவ்வளவு விலை உயர்ந்த வண்டியானாலும், நம் பிள்ளைகள் விரலால் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள்.

மழை பெய்யும்போது

சரியாகக் கட்டிய பந்தலுக்கும் ஒரு காவல் வேண்டும். மழை தொடங்கியதும் கயிறுகளைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். நைலான் கயிறு நனைந்தால் தளரும். திரும்ப இழுத்துக் கட்ட வேண்டும்.

எங்காவது தொப்பை விழுந்துவிட்டால் முதலில் அடியில் இருப்பவர்களை விலக்குங்கள். அடுப்பை அணையுங்கள். பந்தலில் கட்டிய விளக்குகளின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அதன் பிறகுதான் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும். கூரான கம்பால் குத்தாதீர்கள், நடுவிலிருந்தும் தள்ளாதீர்கள். கட்டை முனையில் துணி சுற்றி, கால்வாய்க்குப் பக்கமான ஓரத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி வடிய விடுங்கள். தூக்குகிறவர் தொப்பைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. தூக்க முடியாத அளவு பெரிதாகிவிட்டால், எல்லாரும் வெளியே வந்த பின், எட்ட நின்று ஓர் ஓரக் கயிற்றைத் தளர்த்துங்கள். போனால் ஒரு தார்ப்பாய்தான் போகும்.

இடி மின்னல் வந்தால் பந்தலை நம்பாதீர்கள். உலகத்தில் மின்னல் அதிகம் உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. இரும்புக் கால் நட்ட கூடாரத்தில் நிற்பதைவிட வீட்டுக்குள்ளோ மண்டபத்துக்குள்ளோ போய்விடுவது மேல். காற்று பலமாக இருந்தாலும் அப்படியே. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை உலுக்கிய புயல்மழையை யாரும் மறந்திருக்க முடியாது. பெரிய பெரிய மரங்களே வேரோடு சாய்ந்தன. அப்படிப்பட்ட காற்றில் எந்தப் பந்தலும் நிற்காது.

மழை விட்ட பிறகு

கல்யாணம் முடிந்தது, விருந்தாளிகள் போய்விட்டார்கள். பந்தல் மட்டும் ஒரு வாரம் அப்படியே நிற்கும். அல்லது சுருட்டி வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கிடக்கும். அதன் மடிப்புகளில் ஒரு கிண்ணத் தண்ணீர் நின்றால் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை காய்ந்து கிடந்தாலும் பல மாதங்கள் சாகாது. அடுத்த மழையில் பொரிக்கும்.

டிங்கி நமக்குத் தூரத்து நோயல்ல. இரத்தக்கசிவோடு கூடிய கடுமையான டிங்கி நம் நாட்டில் முதன்முதல் அறியப்பட்டது 1962-இல், இதே பினாங்கில்தான். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கு 1975-இல் சட்டமே வந்தது. உங்கள் வீட்டு வளாகத்தில் கொசுப் புழு கண்டால் அபராதம் உண்டு. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் என்றாலும் சட்டம் விட்டுவிடாது.

பால் வெட்டிய கைகளுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. வேலை முடிந்ததும் மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொல்வார்கள். மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது, கொசு வரக் கூடாது என்பதற்காகத்தான். இன்று பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மில் பலர் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோய்விட்டோம். மங்கு போனாலும் பழக்கம் போக வேண்டாம். பந்தலை மறுநாளே பிரியுங்கள். வெயிலில் இரு பக்கமும் காய வைத்து, மடித்து, மழை படாத இடத்தில் வையுங்கள். காரின் மேல் போர்த்தியது, கோழிக்கூண்டின் மேல் போட்டது, விறகின் மேல் மூடியது என்று வீட்டைச் சுற்றியுள்ள மற்றத் தார்ப்பாய்களையும் வாரம் ஒரு முறை உதறிவிடுங்கள்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பந்தல் போடுவது ஆண்கள் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். அதன் கீழே அதிக நேரம் நிற்கப் போவது நீங்கள்தான். மூங்கில் நடும்போதே போய், "தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், தம்பி?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் கை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டினால் சரி. தலையைச் சொறிந்தால், அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். முகட்டை உயர்த்தச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். அதற்குள் உங்கள் வீட்டில் கல்யாணம் என்றால், மணமக்களுக்கு என் வாழ்த்துகள்.